விளையாடலாமா ஹஜ்ரத்?

 



விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையால் பெயர் பெற்றது. 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு ஜில்லா முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்திறங்கும் இடமாகவும் ஆகிவிட்டது. அரவைப் பருவத்தில் அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாய் நிற்க, காற்றெல்லாம் பாகு மணக்கும். அப்படியொரு பருவத்தில், அங்கே ஒரு வீட்டில் பகல் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் கரும்பு லாரி ஓட்டுபவர். சாப்பாடு முடிந்து ஓதி முடித்ததும், திரைக்கு அப்பாலிருந்து அவர் மனைவி பேசினார்.

"ஹஜ்ரத், மூத்தவனுக்கு இருபது வயசு ஆகுது. ராத்திரி பகல்னு பார்க்காம கம்ப்யூட்டர்ல கத்திச் சண்டை விளையாடுறான். இது கூடுமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போங்க."

ஒரே வார்த்தை! மார்க்கத்தில் பல விஷயங்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு. மது கூடாது, வட்டி கூடாது, சூது கூடாது. ஆனால் பார்க்காத பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அறிவுடைமை ஆகாது. "தம்பியைக் கூப்பிடுங்கள் அம்மா, அந்த விளையாட்டை நானே பார்க்கிறேன்" என்றேன். தாயார் திடுக்கிட்டார். பையன் அவரைவிட அதிகமாகத் திடுக்கிட்டான்.

சென்னையில் வேலை செய்யும் அவன் மாமா மகன் விடுமுறையில் விட்டுச் சென்ற கணிப்பொறி அது. விளையாட்டின் பெயர் 'செகிரோ'. ஜப்பானில் டோக்கியோ நகரத்து ஃப்ரம்சாஃப்ட்வேர் கம்பெனி செய்தது. மியாசாகி என்பவர் இயக்கியது. 2019 மார்ச் 22-ல் வெளிவந்து, அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்று அமெரிக்காவில் பரிசும் பெற்று, உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இத்தனைக்கும் எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இதில் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கடினம்தான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பையன் ஒரே எதிரியிடம் பதினோரு முறை மாண்டான். நான் எண்ணினேன்.

சிறு வயதில் எங்கள் ஊர் வாத்தியாரிடம் இரண்டு வருஷம் சிலம்பம் பழகியவன் நான். அதனால் திரையில் நடப்பது எனக்குப் புரியாமல் போகவில்லை. வாத்தியார் முதல் ஆறு மாதம் எங்களை அடிக்கவே விடவில்லை. தடுப்பு, தடுப்பு, தடுப்பு! கம்பு வரும் வரை கண்ணை மூடாமல் நில், வந்ததும் தட்டு, முந்தாதே, பிந்தாதே என்பார். இந்த விளையாட்டும் அதையேதான் கேட்கிறது. எதிரியின் வாள் மேலே விழும் அந்த நொடியில் பித்தானை அழுத்தினால் அடி தட்டப்படுகிறது. அப்படித் தட்டத் தட்ட எதிரியின் நிலை குலைந்து, முற்றிலும் குலைந்ததும் ஒரே வெட்டில் அவன் கதை முடிகிறது. பயந்துபோய்க் கவசத்துக்குள் ஒளிவதுபோல் பித்தானை அழுத்தியபடியே இருந்தால் நம் நிலைதான் குலையும். ஓடி ஓடித் தப்பினால் எதிரி மூச்சு வாங்கித் தன் நிலையை மீட்டுக்கொள்வான். நின்ற இடத்தில் நின்று, பதறாமல் அடியை எதிர்கொள்பவனே ஜெயிக்கிறான்.

நல்ல பாடம்தானே என்று என் மனமே ஒரு கணம் சொன்னது. மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கணத்தில்தான் அவன் தங்கை வாசலில் வந்து, "அண்ணே, அம்மா டீ போடவான்னு கேக்குது" என்றாள். பன்னிரண்டாம் முறை மாண்டுகொண்டிருந்த பையன் திரும்பாமலே ஒரு வார்த்தை சொன்னான். இந்தப் பக்கத்தில் அச்சிடத் தகாத வார்த்தை. ஹஜ்ரத் பக்கத்தில் இருப்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. பிறகு நினைவு வந்து முகம் கருத்துத் தலைகுனிந்தான்.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் காண்கிறோம். திரையில் வந்த வாளைத் தட்டத் தெரிந்த தம்பிக்கு, நெஞ்சில் வந்த கோபத்தைத் தட்டத் தெரியவில்லை. நான் கண்டிக்கவில்லை. "தங்கச்சியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள்" என்று மட்டும் சொன்னேன். கேட்டான்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். விளையாட்டு என்றாலே மார்க்கம் முகம் சுளிக்கிறது என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெருநாள் தினத்தில் அபிசீனிய நாட்டவர் மதீனாப் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாடினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் பின்னால் நிறுத்தி, அவர்களாகச் சலித்துப் போகும் வரை பார்க்கச் செய்தார்கள். அன்னையாரோடு ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். அம்பெய்தலையும் குதிரை பழக்குவதையும் ஊக்கினார்கள். ஆனால் இவையெல்லாம் உடம்பு வியர்க்கும் விளையாட்டுகள். நாற்காலியில் உட்கார்ந்து பெருவிரலால் வாள் வீசுவதை இவற்றோடு சமமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. இது சதுரங்கத்துக்குத்தான் அருகில் வரும். சதுரங்கத்தை ஹனபி மத்ஹபின் இமாம்கள் கடுமையாக வெறுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் இருக்கும் வரை, வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தினார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் ஒரு பாடத்துக்கு வைத்த தலைப்பு, அல்லாஹ்வுக்கு வழிபடுவதிலிருந்து திருப்பிவிடும் வீண் விளையாட்டு எல்லாம் பாத்தில் என்ற கருத்திலேயே அமைந்திருக்கிறது. அந்தத் தலைப்பே நமக்கு ஒரு அளவுகோல்.

(உருவப்படம் பற்றிய சர்ச்சையை இங்கே நான் தொடவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து உலமாக்கள் பேசிவரும் விஷயம் அது. அவரவர் ஊர் ஆலிமைக் கேட்டுக்கொள்வது நலம்.)

பணம் வைத்து ஆடும் ஆட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. தமிழ்நாட்டில் 2022-ல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2025-ல் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. அது சூது, அதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. செகிரோவில் ஒருமுறை விலை கொடுத்தால் சரி, பந்தயம் எதுவும் இல்லை.

ஆனால் அதிலும் உறுத்தும் விஷயங்கள் உண்டு. பையனே ஒன்றைக் காட்டினான். வீரன் இளைப்பாற வேண்டுமானால் ஆங்காங்கே உள்ள சிறு புத்தர் சிலைகளின் முன் அமர வேண்டும். ஜபமணிகளைச் சேர்த்துக் கோத்தால் அவனுக்கு வலிமை கூடும். "நான் கும்பிடலையே ஹஜ்ரத், அது வெறும் பொம்மைதானே" என்றான். அவன் நிய்யத்தில் வணக்கம் இல்லை என்பது உண்மை. அதனால் அவன் ஈமானைப் பற்றி யாரும் வாய்விடக் கூடாது. ஆனாலும் ஒரு நாளில் நாற்பது முறை சிலைக்கு முன் அமர்ந்து பலம் பெற்று எழும் காட்சி கண்ணுக்குப் பழகிப்போவது நல்லதா? 2020-ல் 'பப்ஜி' என்ற விளையாட்டில் சிலை முன் பணிந்து சக்தி பெறும் காட்சி சேர்க்கப்பட்டபோது, அரபு நாட்டு முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, கம்பெனியே அதை நீக்கிவிட்டது. பேணுதல் உள்ளவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுங்கிக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தால் ஒதுங்குவேன்.

இன்னொன்று, கதை. இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. வீரன் ஒரு சிறுவனைக் காப்பதாக வாக்களித்தவன். நடுவே, அவனை எடுத்து வளர்த்த தந்தை வந்து அந்தச் சிறுவனைக் கைவிடும்படி கட்டளையிடுகிறார். கீழ்ப்படிவதா, வாக்கைக் காப்பதா என்பதை விளையாடுபவனே தீர்மானிக்க வேண்டும். "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன். "முதல்ல அப்பா சொன்னதைக் கேட்டேன் ஹஜ்ரத். அவன் எல்லாரையும் கொல்ற அரக்கனா ஆயிட்டான், கதை அதோட முடிஞ்சுபோச்சு" என்றான். படைத்தவனுக்கு மாறு செய்வதில் படைப்பினத்துக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் சட்டம். ஜப்பானியர் எதை நினைத்து அதை எழுதினார்களோ, நமக்குத் தெரிந்த உண்மையைத்தான் தொட்டிருக்கிறார்கள். நல்லது எங்கிருந்து வந்தாலும் நல்லதுதான். அதற்காக ரத்தம் தெறிக்கும் அந்தக் காட்சிகளைப் பன்னிரண்டு வயதுத் தம்பி அண்ணன் தோள்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பதை நான் ஒப்பமாட்டேன். ஐரோப்பாவில் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆகாது என்று அதன் உறையிலேயே முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

கணிப்பொறியை மாமா மகன் திரும்ப எடுத்துச் சென்றபின் என்ன செய்வாய் என்று கேட்டேன். சேமிப்பில் சொந்தமாக ஒன்று வாங்கப் போவதாகவும், விளையாட்டை ஒரு சிநேகிதன் காசில்லாமல் பென்டிரைவில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். திருட்டுப் பிரதி! நூற்றுக்கணக்கானவர் வருஷக்கணக்காக உழைத்ததை விலை கொடுக்காமல் எடுப்பதற்கு என்ன பெயர்? உன் அத்தாவின் லாரியிலிருந்து நாலு கட்டுக் கரும்பை ஒருவன் உருவிக்கொண்டால் நீ சும்மா இருப்பாயா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அசருக்கு பாங்கு சொன்னது. பையன் ஒரு பித்தானை அழுத்த, ஓங்கிய வாள் ஓங்கியபடியே நின்றது. இதே கம்பெனியின் முந்தைய விளையாட்டுகள் சிலவற்றில் அப்படி நிறுத்தி வைக்க முடியாதாம். இதில் முடியும் என்றான். ஆக, "நடுவில் எழுந்திருக்க முடியாது ஹஜ்ரத்" என்ற சாக்கு இங்கே செல்லாது. இருவரும் தொழுதுவிட்டு வந்தோம்.

வரும் வழியில்தான், தாயார் சொல்லாத ஒன்றை அவனே சொன்னான். இரண்டு வாரத்துக்கு முன் ஓர் இரவு. அத்தா லாரியோடு வெளியூர். அம்மா அசந்து தூக்கம். இவன் காதில் ஹெட்போன். அடுத்த அறையில் நன்னிமா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு தானே எழுந்து போய், இருட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிசல். விழுந்த சத்தம்கூட இவனுக்குக் கேட்கவில்லை. ஓய்வெடுக்க நிறுத்தியபோதுதான் முனகல் கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு வந்தார்கள். "நீ எங்கடா இருந்தேன்னு அம்மா கேட்டுச்சு. தூங்கிட்டேன்னு சொன்னேன் ஹஜ்ரத்" என்றான். அவன் குரல் உடைந்தது.

சகோதரர்களே! ஆரோக்கியம், ஓய்வு என்ற இரண்டு நிஃமத்துகளில் மனிதர்களில் அநேகர் நஷ்டமடைகிறார்கள் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த ஓய்வு நேரத்தில் நன்னிமாவின் மூன்று கூப்பாடும் அடங்கும். இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் விழித்திருப்பதையும் பெருமானார் வெறுத்தார்கள். விடிய விடிய விழித்தவனுக்கு ஃபஜ்ரு எப்படிக் கிடைக்கும்? உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டு அடிமைத்தனத்தை 2019-ல் நோய்களின் அட்டவணையில் சேர்த்து, 2022 முதல் அந்த அட்டவணை நடைமுறைக்கு வந்தது. விளையாடுபவர் எல்லோரும் நோயாளி என்று அதற்கு அர்த்தமில்லை. நிறுத்த முடியாமை, மற்றக் கடமைகளைவிட அதுவே முதலிடம் பெறுதல், கேடு வந்த பின்னும் தொடர்தல் ஆகியவற்றையே அடையாளமாகச் சொல்கிறார்கள்.

நான் அவனுக்கு ஃபத்வா கொடுக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு வாரம் எத்தனை மணி விளையாடினாய், எந்தத் தொழுகை ஜமாஅத்தோடு கிடைத்தது, எது களாவானது, யாரிடம் கடிந்து பேசினாய் என்று உள்ளது உள்ளபடி எழுது, அதன் பிறகு நீயே தீர்மானி என்றேன். முதலில் அம்மாவிடம் உண்மையைச் சொல் என்றும் சொன்னேன். தாயாரிடம், "அடுத்த வாரம் வரை பொறுங்கள்" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை என்பது திரைக்கு அப்பாலிருந்தே தெரிந்தது.

எட்டாம் நாள் விழுப்புரத்தில் என்னைத் தேடி வந்தான். ஏழு நாளில் முப்பத்தொரு மணி. ஃபஜ்ரு ஐந்து களா. கடைசி இரண்டு நாள் கோடு போட்டு வெறுமையாக இருந்தது. அம்மாவிடம் சொன்ன நாள் முதல் விளையாடவில்லையாம். "விடவும் மனசில்லை ஹஜ்ரத், அந்தக் கடைசி எதிரியை மட்டும் ஜெயிக்கணும்" என்றான். சிரித்துவிட்டேன். என்ன தீர்மானம் செய்தாய் என்றேன்.

பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பாக்கியுள்ள பரீட்சைத் தாள் இரண்டும் முடியும் வரை சொந்தக் கணிப்பொறி வாங்குவதில்லை. மாமா மகனின் பொறி இருக்கும் வரை சனி, ஞாயிறு லுஹருக்கும் அசருக்கும் இடையில் மட்டும். இஷாவுக்குப் பின் தொடுவதில்லை. தம்பி பக்கத்தில் இருக்கக் கூடாது. ஹெட்போனை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டான். கணிப்பொறியைக் கூடத்துக்கு எடுத்து வந்து, நன்னிமாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்களாம்.

சிலைகளைப் பற்றி நான் மறுபடி கேட்டேன். "அதுதான் இன்னும் யோசிக்கிறேன்" என்றான். யோசி என்றேன்.

போன மாதம் அவன் தாயாரைப் பார்த்தேன். இப்போது அவருடைய புகார் வேறு. கையில் கட்டோடு நன்னிமா கட்டிலில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு, "ஏண்டா, மறுபடியும் செத்துட்டியா? கொஞ்சம் பொறுத்துத் தட்டக் கூடாதா?" என்று அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறாராம். "இவங்களையும் கொஞ்சம் கண்டிச்சு வைங்க ஹஜ்ரத்" என்கிறார்.