தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி

துப்பாக்கிக்கும் அளவெடுப்பார்கள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. சட்டைக்கு எடுக்கிற மாதிரியே!

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவனுக்கு வேடசந்தூர் பக்கம் தோட்டம். முருங்கை, மக்காச்சோளம், நடுவே ஒற்றை வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறான். அப்பாவுக்குப் பிறகு தன் பெயரில் முறையாக லைசன்ஸ் வாங்கியிருக்கிறான். அதன் கட்டை, அதாவது தோளில் முட்டுக் கொடுக்கிற மரப்பகுதி, விரிசல் விட்டுவிட்டது.

"புதுசு போடணும் மாப்ளே. என் தோளுக்கு ஏத்த மாதிரி" என்றான்.

இதில் இவ்வளவு சங்கதி இருக்கிறதா என்று நீங்களும் ஆச்சர்யப்படுவீர்கள். விசையிலிருந்து கட்டையின் அடிவரை சாதாரணமாக 14 அங்குலம். அதிகமானால் தூக்கும்போது அக்குளில் சிக்கும். குறைந்தால் வெடித்த வேகத்தில் நம் கட்டைவிரலே நம் மூக்கில் குத்தும். கன்னம் வைக்கிற இடம் உயரமாக இருந்தால் குண்டு மேலே போகும். மரத்தில் வால்நட் உசத்தி. பின்னால் ரப்பர் வைத்தால் உதை குறையும். தச்சு ஆசாரியிடம் கொடுத்து முடிக்கிற வேலையும் இல்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, ரிப்பேர் செய்கிறவருக்கும் லைசன்ஸ் வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி, காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "இவரு தோளுக்கு அளவு பாத்தாச்சுண்ணே. எதிர்ல வர்றது யாருன்னு பாக்குறதுக்கு என்ன கட்டை போடணும்னு கேளுங்க."

நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகுதான் கதை வந்தது.

சில வருடங்களுக்கு முன், அந்தப் பக்கம் மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்துகொண்டிருந்த சமயம். ரெண்டு மணிக்கு மோட்டார் ரூம் பக்கம் சத்தம். துப்பாக்கியோடு திண்ணைக்கு வந்துவிட்டான். ரெண்டு கையும் துப்பாக்கியில் இருக்க, டார்ச்சை எந்தக் கையில் பிடிப்பது? கறுப்பாக ஓர் உருவம் நகர்ந்தது. எப்படியோ தொண்டையிலிருந்து "யாரு?" என்று வந்துவிட்டது. "நான்தான் சித்தப்பா" என்றது உருவம். தண்ணீர் மாற்றிவிட வந்த அண்ணன் மகன்.

"விரல் விசை மேலதான் இருந்துச்சு மாப்ளே" என்றான்.

அவன் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்தில் தோட்ட வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி. பேப்பரில் படித்துவிட்டு அபார்ட்மென்ட்டில் தூங்குகிற எனக்கு, அவனுக்கு அஹிம்சை வகுப்பு எடுக்க யோக்கியதை இல்லை. சட்டமும் அவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் அது தற்காப்பு உரிமைக்குள் வரலாம். ஆனால், தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் கூடாது. எது தேவை என்று கோர்ட்டில் பகல் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் வாதாடுவார்கள். உங்களுக்குக் கிடைப்பது இருட்டில் ரெண்டு செகண்ட்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பிரைனி என்றொரு தம்பதி. யாரும் குடியிருக்காத பழைய பண்ணை வீட்டில் அடிக்கடி ஆட்கள் புகுந்தார்கள். வெறுத்துப்போன கணவர் 1967-ல் ஒரு துப்பாக்கியை இரும்புக் கட்டிலில் கட்டி, கதவைத் திறந்தால் வெடிக்கிற மாதிரி கம்பி இழுத்துவிட்டார். முதலில் குறி வயிற்றுக்கு. மனைவி சொன்னதால் காலுக்கு இறக்கினார். பழைய பாட்டில்கள் பொறுக்க உள்ளே போன கேட்கோ என்பவரின் கால் சிதைந்தது. போனது தப்புதான். ஆனாலும் அவருக்கு 30,000 டாலர் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை மாநில சுப்ரீம் கோர்ட் 1971-ல் உறுதி செய்தது. ஆளில்லாத வீட்டுப் பொருளைவிட மனித உயிர் பெரிது என்று.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் திண்டுக்கல் பூட்டைப் பற்றியே ஒரு கதை உண்டு. கள்ளச்சாவி போட்டால் உள்ளிருந்து கத்தி பாய்ந்து கையைக் கிழிக்குமாம். சின்ன வயதில் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால், கொத்துச்சாவியில் அவசரமாகத் தப்பான சாவியைப் போடுகிற பையனுக்கும் அதே வெட்டுதானே? மற்ற திண்டுக்கல் பூட்டெல்லாம் திருடனைப் பார்த்து 'முடியாது' என்று மட்டும் சொல்லும். இது தீர்ப்பே எழுதிவிடுகிறது.

கட்டிலில் கட்டிய துப்பாக்கிக்கும் கத்திப் பூட்டுக்கும் 'யாரு?' என்று கேட்கத் தெரியாது. நண்பன் கேட்டான். கேட்டால் நாம் நிற்கிற இடம் எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்கிறான். நிஜம்தான், ஆபத்துதான். இருந்தாலும், துப்பாக்கி வைத்திருக்கிறவன் அந்த ஆபத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தன் பயம் ஒன்றையே ஆதாரமாக வைத்து இன்னொரு உயிரை எடுத்துவிட்டு, பிறகு முகம் பார்க்கக் கூடாது. அளவெடுத்த கட்டை துப்பாக்கியைச் சீக்கிரம் தோளுக்குக் கொண்டுவந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கிற நேரத்தை அவன்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னேன். "நீ பேசிட்டு பஸ் ஏறிடுவ" என்றான். அதுவும் நியாயம்தான்.

போன வாரம் போன் செய்தான். கட்டை இன்னும் போடவில்லை. மோட்டார் ரூம் வழியில் ரெண்டு லைட் போட்டிருக்கிறான். அண்ணன் மகனுக்கும் ஓர் உத்தரவு: ராத்திரி தோட்டத்துக்கு வந்தால் வேலி தாண்டும்போதே சத்தமாகப் பாடிக்கொண்டு வர வேண்டும்.

"பாட்டு சகிக்கலை மாப்ளே" என்றான்.