நினைவு நீங்கிய பின் கடமை யாருடையது?

அஸர் தொழுத உம்மா, பாயைச் சுருட்டும் முன்னரே "நான் அஸர் தொழுதேனா?" என்று கேட்கிறார். மருமகள் தம் வளையலை எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். "வேண்டுமென்றே செய்கிறார்" என்று வீட்டில் சிலர் முணுமுணுக்கின்றனர். அவர் வேண்டுமென்றுதான் செய்கிறாரா என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

1906 ஆம் ஆண்டு, நினைவிழந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையை ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே சிக்குண்ட இழைகளையும் கண்டார். வெளியே படிவது அமிலாய்டு பீட்டா என்னும் புரதத் துண்டு. அது எல்லோருடைய மூளையிலும் உண்டாகி அகற்றப்படுவதே. அகலாமல் தேங்கும்போது திரண்டு படிகிறது. உள்ளே சிக்கலாவது டவ் என்னும் புரதம். அணுக்களிடையே செய்தி கடத்தும் இணைப்புகள் இவற்றால் நலிகின்றன. புதிய நினைவைப் பதியச் செய்யும் பகுதி தொடக்கத்திலேயே பழுதுபடுவதால், தம் நிக்காஹ் நாளை விவரமாகச் சொல்பவர் சற்று முன் உண்டதை மறக்கிறார். வளையலை வைத்த இடம் நினைவில் இல்லை. அந்த வெற்றிடத்தைச் சந்தேகம் நிரப்புகிறது. இதில் வஞ்சனை எங்கே இருக்கிறது?

எனினும் படிவைக் கொண்டே ஒருவரைத் தீர்மானித்துவிட இயலாது. அமெரிக்காவில் 1986 இல் தொடங்கி 678 கன்னியாஸ்திரீகளிடம் நடத்திய ஆய்வில், மூளையில் படிவு மிகுந்திருந்தும் இறுதிவரை அறிவு தெளிந்திருந்தோர் காணப்பட்டனர். நம் ஃபிக்ஹு நூல்களும் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. அக்ல் இருக்கிறதா என்றே பார்க்கின்றன. அது நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், அவருடைய செல்வத்துக்குரிய ஜகாத்தைப் பொறுப்பாளர் கொடுத்தாக வேண்டும். அவர் நினைவிழந்ததால் ஏழையின் பங்கு அழிந்துவிடவில்லை. கொடுக்கும் கை மாறுகிறது, அவ்வளவே.

இங்கேதான் நாம் கவலையுறும் ஒரு வழக்கம் உண்டு. வாப்பா கோபத்தில் ஏசினால் "புத்தி பேதலித்துவிட்டது" என்கிறோம். அவரே பத்திரத்தில் கைரேகை வைக்க வேண்டுமென்றால், "நல்ல நினைவோடுதான் இருக்கிறார்" என்று பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் செல்கிறோம். தாம் கொடுப்பது இன்னதென்று உணராதவர் கொடுத்த ஹிபா செல்லாது. மற்ற வாரிசுகள் எதிர்க்காமல் இருந்தாலும் செல்லாது. தெளிவும் மறதியும் மாறி மாறி வருபவரானால், உணர்ந்து பேசும் வேளையில், பயனடையும் பிள்ளை அருகில் இல்லாதபோது, நம்பகமான இருவர் கேட்டறிய வேண்டும். அவ்வேளை வாய்க்காவிடில் பத்திரம் எழுதாமலே இருக்கட்டும். பாகப்பிரிவினைக்குத்தான் மார்க்கத்தில் சட்டம் இருக்கிறதே!