மாடித் தோட்டமும் மனச்சாட்சியும்



பட்டணத்து வீடுகளில் மொட்டை மாடியிலே கீரையும் வெண்டையும் தக்காளியும் பயிரிடும் வழக்கம் பெருகி வருகிறது. நல்ல வழக்கம்தான். சர்வேசுரன் ஆதி மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்திப் பாதுகாக்கவே என்று ஆதியாகமம் கூறுகிறது. மண்ணைத் தொட்டு வளரும் பிள்ளை, உணவு கடையில் பிறப்பதன்று, கடவுள் கொடுப்பது என்பதை எளிதில் அறிந்துகொள்ளும்.

ஆயினும் ஒன்றை நாம் ஆலோசிக்க வேண்டும். 2019-ம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் அநேகமாய் வற்றிப்போயின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எளியவர்கள் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றார்கள். அத்தகைய நாளில் மாடிச் செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது தகுமா?

"என் கிணறு, என் மோட்டார், கேட்பவர் யார்?" என்று ஒருவர் சொல்லக்கூடும். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதற்கு விடை தருகிறார். பொருளைச் சொந்தமாய் வைத்திருப்பது நியாயமே. ஆனால் அதை உபயோகிக்கையில் பொதுவென்று எண்ணி, இல்லாதவனுக்குக் கொடுக்கச் சித்தமாயிருக்க வேண்டும். மேலும், பூமிக்கடியில் மதில் சுவர் கிடையாது. உங்கள் ஆழ்குழாய் உறிஞ்சும் நீர் அண்டை வீட்டாரின் நீருமாகும். குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று பாப்பரசர் பிரான்சிஸ் தமது 2015-ம் ஆண்டுச் சுற்று நிருபத்தில் போதித்தார். கத்தரிச் செடிக்கு அவ்வுரிமை இல்லை.

அப்படியானால் தோட்டத்தை விட்டுவிடுவதா? வேண்டாம். வீணாய்ப் போவதைக் கொண்டே அதை வளர்க்கலாம். அரிசி களைந்த நீரும் காய்கறி அலம்பிய நீரும் சாக்கடைக்குப் போக வேண்டியதில்லை. காய்கறித் தோலைக் காய்ந்த சருகுடன் கலந்து மூடிவைத்தால் சில மாதங்களில் எருவாகும். தொட்டிமேல் சருகு பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. கடுங்கோடையில் விதைக்காமல் மழைக்குக் காத்திருப்பதும் ஒரு புண்ணியமே.

வயலின் ஓரங்களை முற்றும் அறுக்காமல் எளியவனுக்கு விடும்படி லேவியராகமம் 19-ம் அதிகாரம் கட்டளையிடுகிறது. மண்தொட்டிக்கு ஓரம் ஏது என்பீர்களோ? உண்டு. பறித்த கீரையில் ஒரு பிடி, குழாய் இல்லாத வீட்டுக்குப் போகட்டும். கோடையில் கிணற்றில் நீர் ஊறினால் முதற்குடமும் அவ்வீட்டுக்கே போகட்டும்.

உங்கள் பங்குக் குரு