பயணச்சீட்டும் சபைக் கடமையும்

தலைநகரில் பணியாற்றும் நம்மனோருக்கு ஊர்ப் பயணம் இரயில் ஏறும் நாளில் தொடங்குவதில்லை. முன்பதிவு திறக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. முன்னர் 120 நாட்களாக இருந்த அவகாசம் 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்தது. மே நடுவில் புறப்படுவோர் மார்ச் நடுவில், லெந்து எனப்படும் தவநாட்களிலேயே, பதிவு செய்தாக வேண்டும். அன்று முதல் உடல் தில்லியிலும் உள்ளம் திருநெல்வேலியிலுமாக வாழ்கிறோம்.

இவ்வாறு எப்போதும் புறப்படும் நிலையில் உள்ளவர்கள் இங்குள்ள திருச்சபையில் வேரூன்ற இயலுமா? வேரூன்றத்தான் வேண்டுமா? தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களை முன்வைத்து இவ்வினாவை எழுப்புகிறோம். மலை மந்திர்ப் படிகளில் ஏறும் அன்பர்களுக்கும் இது அயலானதன்று.

பணிச்சுமை பொய்யன்று. ஆண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு, 30 நாள் ஈட்டிய விடுப்பு. பிள்ளைகளின் தேர்வு, பெற்றோரின் மருத்துவம், உறவினர் திருமணம் யாவும் இதற்குள் அடங்க வேண்டும். எஞ்சுவது ஞாயிறு ஒன்றே. அதிலும் துணி துவைத்தல், மாவரைத்தல், காய்கறி வாங்குதல் உண்டு. (இவை பெரும்பாலும் இல்லத்தரசியர் தலையிலேயே விழுவதால், ஆடவர் நேரத்தோடு ஆலயத்தில் வந்து அமர்வதைப் பெரும் பக்தியாகக் கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.) ஆகவே, ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் சபைப்பணி செய்வோம் என்பார் உளர். நேர்மையான வாதமே, ஆயினும் போதுமானதன்று.

அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது. ஆக்கில்லா பொந்து தேசத்தில் பிறந்தவர். யூதர் ரோமாபுரியை விட்டு நீங்க வேண்டுமென்ற கிலவுதியுராயனின் ஆணையால், மனைவி பிரிஸ்கில்லாளுடன் கொரிந்து நகருக்கு வந்தவர். தொழில் கூடாரம் செய்தல். அத்தொழில் அறிந்த பவுலும் அவர்களுடன் தங்கி உழைத்தார். அந்நகரில் ஓராண்டும் ஆறு மாதமும் இருந்தார். அவ்விணையர் பின்னர் எபேசுவுக்குப் பெயர்ந்தனர். அவர்தம் வீட்டிலும் சபை கூடிற்று. நிலையான முகவரி கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பவுலோ புறப்பட்ட பின்னும் கொரிந்து சபைக்கு மடல்கள் வரைந்துகொண்டிருந்தார்.

நிற்க. மே, சூன் திங்களில் தில்லியின் தமிழ்ச் சபைகளைப் பாருங்கள். வெயில் 40 பாகையைத் தாண்டும். பாடகர் குழு மெலிந்திருக்கும். ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இரார். அமர்ந்திருப்போர் யாவர்? விடுப்புக் கிட்டாத செவிலியர், புதிதாய்ப் பணியேற்று வாடகை அறையில் வாழும் இளைஞர், பயணத்துக்குப் பொருளில்லாதார், ஊரில் எவருமே இல்லாதார். சபை மிகவும் தேவைப்படுவது இவர்களுக்கே. அது மிகவும் குறைந்திருப்பதும் அப்பொழுதே. இவர்களுள் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டு செல்பவர் யார் என்பது, பயணச்சீட்டு எடுக்கும் அன்றே எண்ண வேண்டிய செய்தி.

ஊருக்குச் செல்வது குற்றமன்று. முதிய தாயைக் காண்பதும் கடமையே. ஆனால் விட்டுச் செல்வது வேறு, ஒப்படைத்துச் செல்வது வேறு. அலுவலகத்தில் விடுப்பில் செல்பவர், எந்தக் கோப்பு எவர் பொறுப்பில் என்று எழுதி வைத்தே செல்கிறார். சபையிலும் அதுபோல் ஒப்படைக்க ஏதேனும் நம் கையில் இருக்கிறதா என்பதே, நாம் அங்கு வளர்ந்திருக்கிறோமா என்பதற்கு அளவுகோல். வருகைக் கணக்கு அதனைக் காட்டாது.

ஒப்படைப்பதும் எஞ்சியிருப்போரிடமே ஆகட்டும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலையும் நோயுற்றோர் வீட்டு முகவரிகளையும், பல ஆண்டுகளாகக் கடைசி வரிசையில் அமைதியாய் அமர்ந்திருக்கும் அந்த இளைஞரிடம் தந்துவிட்டுச் செல்லலாம். சூலையில் கருப்பட்டியும் முறுக்குமாய்த் திரும்பி வருகையில், அவ்வகுப்பை மீண்டும் வாங்கிக்கொள்வதா என்ற கேள்வி எழும். வாங்கிக்கொள்ளாமல், பிள்ளைகளோடு நாமும் ஓரமாய் அமர்ந்து கேட்பதே நன்று என்பது நம் கருத்து.