விலகிய பின்னும் வரும் கடிதங்கள்

வேலையை விட்டு வந்து வருடக்கணக்காகியும் என் பழைய நிறுவனம் எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. ஆண்டு விழா அழைப்பு, கேன்டீன் நேர மாற்றம், தீயணைப்புப் பயிற்சிக்கு வராதவர்களுக்கு எச்சரிக்கை, குரூப் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கக் கடைசித் தேதி என்று எல்லாம் வரும். தொடக்கத்தில் ஆசையாகத்தான் படித்தேன். கூட வேலை பார்த்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கும். இப்போது அந்தப் பெயர்களும் போய்விட்டன.

சின்னத் தொந்தரவுதானே என்று பலர் சொல்கிறார்கள். என்னால் அப்படி நினைக்க முடியாமல் போனது ஒரு நண்பரின் வீட்டில். அதே நிறுவனத்தில் பத்து வருடத்துக்கு மேல் உழைத்து, எனக்கு முன்பே விலகியவர் அவர். 58 வயது நிறையுமுன் இறந்துபோனார். அடுத்து வந்த பிறந்தநாளன்று நீண்ட ஆயுளை வேண்டி நிறுவனத்தின் வாழ்த்து அவருடைய செல்போனுக்கு வந்தது. போனை வைத்திருந்தவர் அவர் மனைவி.

அந்த நாட்களில் அந்த மனைவி 10-டி படிவத்தோடு அதே அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார். 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, பத்தாண்டுச் சேவை முடித்து விலகியவர் இறந்தால் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பம் கடைசியாக வேலை பார்த்த நிறுவனத்தின் வழியாகப் போக வேண்டும். ஆனால் பி.எஃப். கணக்கில் நண்பர் விலகிய தேதியை நிறுவனம் ஏற்றியிருக்கவே இல்லை. “இவரு பொறந்த தேதியத் தெரிஞ்சு வச்சிருக்காங்கண்ணே, வேலைய விட்ட தேதி மட்டும் தெரியாதுங்கிறாங்க” என்றார் அந்தத் தங்கை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு யோசித்ததில் பிடிபட்டது இது. ஒரு தொழிலாளியின் பெயர் நிறுவனத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சம்பளப் பட்டியல், பி.எஃப்., இன்ஷூரன்ஸ், மின்னஞ்சல் குழு, வாழ்த்து அனுப்பும் மென்பொருள் என ஐந்தாறு இடங்களில் இருக்கிறது. அவர் விலகியதும் சம்பளப் பட்டியலிலிருந்து அந்த மாதமே எடுத்துவிடுவார்கள், அதில் பணம் இருக்கிறது. மற்ற இடங்களில் எடுப்பது யாருடைய வேலை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் ஆள் தேவைப்படாத கடிதங்கள் தாமாகவே போய்க்கொண்டிருக்கின்றன. ஒருவர் உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம்தான் வருவதில்லை. கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் பல முறை படியேறியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குழு மின்னஞ்சலில் சில சமயம் மற்றவர்களின் சம்பள விவரமும் மருத்துவக் காப்பீட்டு விவரமும் சேர்ந்து வந்துவிடுகின்றன. எனக்கு வந்தவற்றை அழித்துவிட்டேன். வேறு யார் கைக்குப் போயின என்று யாருக்குத் தெரியும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம். எதற்காக விவரத்தை வாங்கினார்களோ அந்தத் தேவை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும் என்கிறது சட்டம். வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் வைத்திருக்கலாம்.

வரிக்கும் பி.எஃப்.புக்கும் பதிவுகள் வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்வது நியாயம்தான். அவற்றைப் பூட்டி வைக்கட்டும். பதிவை வைத்திருப்பது வேறு, விலகியவரின் பெயருக்கு எழுதிக்கொண்டே இருப்பது வேறு. ஒருவர் தன் இளமையைக் கொடுத்துவிட்டு வந்த இடம் அவருக்குக் கடைசியாகச் செய்ய வேண்டிய மரியாதை, கணக்கைச் சரியாக முடித்து அனுப்புவது. எந்த வாழ்த்தும் அதற்கு ஈடாகாது.

எச்.ஆர். பிரிவில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒருவர் விலகும் நாளில் அவர் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். வேலையை விட்டு வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்ததும், விலகிய தேதியை பி.எஃப். இணையதளத்தில் நீங்களே ஏற்றும் வசதி 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஆதாரோடு இணைத்த செல்போன் போதும். உங்கள் யு.ஏ.என். கணக்கைத் திறந்து அந்தத் தேதி ஏறியிருக்கிறதா, வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அதை உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ காட்டியும் வையுங்கள்.