களைத்த உடலும் களிக்கும் திருநாளும்



தூத்துக்குடியில் வருஷந்தோறும் ஜூலை 26-ந் தேதி தஸ்நேவிஸ் மாதா கோவிலில் கொடியேறுகிறது. ஆகஸ்ட் 5-ந் தேதி திருநாள். அந்த நாட்களில் உப்பளத்தில் வெயிலும் குறைவதில்லை, கடலில் பாடும் குறைவதில்லை. வாரமெல்லாம் உப்பு வாரிய கால் வெடித்திருக்கிறது. வலை இழுத்த கை காய்த்திருக்கிறது. ஆகையால் சிலர், "உடம்பு அசதியாயிருக்கிறது, திருநாளும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்று படுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலரோ, "பூசை கண்டால் போதும்; ராட்டினமும் பலகாரக் கடையும் உலக ஆசை" என்று முகம் சுளிக்கிறார்கள். இரு திறத்தாரும் வேதம் சொல்வதைச் சற்றுக் கேட்கட்டும்.

களத்து வேலையும் ஆலை வேலையும் முடிந்தபின் 7 நாள் கூடாரத் திருநாள் கொண்டாடும்படி சர்வேசுரன் இஸ்ராயேல் ஜனங்களுக்குக் கற்பித்தார். உபாகமம் 16-ம் அதிகாரத்தில் அதைக் காணலாம். அங்கே சந்தோஷப்படுவதே கட்டளை! நம் சேசுநாதரும் அப்போஸ்தலர்கள் ஓய்ந்துபோனதைக் கண்டு, தனித்த இடத்தில் சற்று இளைப்பாறச் சொன்னார். கானா ஊர்க் கலியாணத்திலே தம் முதற் புதுமையைச் செய்தார். ஆகவே வேலை செய்து களைத்தவன் தன் குழந்தையின் கையைப் பிடித்துக் கடை வீதியைச் சுற்றிக் காட்டி, ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக் கொடுத்துச் சிரித்திருப்பது பாவமன்று. அதுவும் கடவுள் தந்த நன்மையே.

உரோமாபுரியில் எஸ்குவிலின் குன்றின்மேல் ஆகஸ்ட் மாதக் கோடையில் பனி பெய்ததென்பது பரம்பரை. தஸ்நேவிஸ் மாதா என்ற பெயரும் அதனால் வந்ததே. வெயிலில் வாடினவனுக்குக் குளிர்ச்சி என்பதே நம் திருநாளின் பெயர்!

ஆனால், பிரியமானவர்களே, அந்தக் குளிர்ச்சி உங்கள் வீட்டில் எல்லார்மேலும் விழுகிறதா? அதே அதிகாரத்தில் ஆண்டவர், யார் யார் சந்தோஷப்பட வேண்டுமென்று ஒவ்வொருவராய்க் குறிப்பிடுகிறார்: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, அநாதை, விதவை. வீட்டுத் தலைவன் மட்டும் மகிழ்ந்தால் கட்டளை நிறைவேறவில்லை.

உங்கள் அடுப்படியை எட்டிப் பாருங்கள். வெளியூர் உறவினர் வந்திறங்குகிறார்கள். வீட்டுத் தாய் விடியுமுன் எழுந்து மசாலை அரைக்கிறாள், சோறு வடிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். மாதாவின் சுரூபம் பவனி வரும் வேளையில் அவள் கையில் கரித்துணி இருக்கிறது. வெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் திருநாளை அறிகிறாள். கொடியேறும் ஜூலை 26, மாதாவைப் பெற்ற அர்ச். அன்னம்மாளின் திருநாள் அல்லவா? தாயின் திருநாளில் தொடங்கி, நம் வீட்டுத் தாயை அடுப்படியில் விட்டு முடிப்பது எப்படித் தகும்?

ஆகையால் ஆண்மக்களே, இவ்வருஷம் இரண்டு கறி குறையட்டும். தேங்காய் துருவுவதும் தண்ணீர் எடுப்பதும் உங்களுக்கு இழிவல்ல. அவளைப் பூசைக்கும் பவனிக்கும் முன்னே அனுப்புங்கள். கூலியாள் வைத்திருப்பவர்களே, திருநாளுக்கு முன்னமே அவன் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். கையில் காசில்லாதவனுக்கு விடுமுறை என்பது பட்டினியே. வட்டிக்கு வாங்கிப் புதுத்துணி எடுக்காதீர்கள். வாரக் கூலியை மதுக்கடையில் கொட்டுகிறவன் தன் பிள்ளைகளின் திருநாளைத் திருடுகிறான்.

எஸ்திராஸ் வேதத்தை வாசித்தபோது ஜனங்கள் அழுதார்கள். அழவேண்டாம், நன்றாய் உண்டு குடித்து, ஒன்றும் இல்லாதவனுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆண்டவரில் மகிழ்வதே அவர்களுக்குப் பலம் என்றும் சொல்லப்பட்டது. நெகேமியாஸ் ஆகமம் 8-ம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். வாசித்தபின் அடுத்த வீட்டு விதவைக்கு ஒரு தட்டு அனுப்புங்கள்.

திருநாள் முடிந்து கொடி இறங்கும். மறுபடி உப்பளமும் கடலும் காத்திருக்கும. எல்லாரும் பங்குகொண்ட சந்தோஷமே அப்போது நம் தோளுக்குப் பலமாயிருக்கும். முடிவில்லாத பரலோக விருந்திலும் நம் குடும்பத்தில் ஒருவரும் குறையாமல் உட்கார, தேவமாதா நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.