எழுத்தின் வெளியும் நடுவுநிலைமையும்

எழுத்து மையினால் ஆயது என்பதே பொதுவான எண்ணம். வரையப்பெற்ற கோடு உள்பொருள் எனவும், அதனைச் சூழ்ந்த வெண்மை வெறும் இன்மை எனவும் கொள்ளப்படுகின்றன. ஆயின், கையால் எழுத்து வரையும் கலைஞனின் தொழில் இக்கொள்கைக்கு இடந்தருவதாயில்லை. ஒரு கோட்டை இடும்போதே அதன் இருமருங்கிலும் உள்ள வெளிகளையும் அவன் வகுத்துவிடுகின்றான். கோடு தடித்தால் வெளி சுருங்கும். வெளி விரிந்தால் கோடு மெலியும். வெண்மையையும் கருமையாகவே எண்ணிக் கணக்கிடல் வேண்டும் என்னும் கோட்பாடு சீன வனப்பெழுத்து மரபில் நெடுங்காலமாகப் போற்றப்படுகின்றது.

வெளி அழகுக்கு மட்டுமன்றிப் பொருளுக்கும் காரணமாதல் மனங்கொள்ளத்தக்கது. மூன்றுசுழி ‘ண’கரத்தையும் இரண்டுசுழி ‘ன’கரத்தையும் வேறுபடுத்துவன சுழிகளே. தூரிகை தடித்து அச்சுழிகளின் உள்வெளி அடைபட்டுப்போமாயின், ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்பது புலப்படாது. அங்கு மை குறையவில்லை. மிகுந்தமையாலேயே பொருள் அழிந்தது.

இனி, எழுத்துக்களுக்கு இடைப்பட்ட வெளியை நோக்குவோமாயின் வேறொரு வினா எழுகின்றது. பெயர்ப்பலகையொன்றிலே ‘பட்டம்’ என்னும் சொல்லை, எல்லா இடைவெளிகளையும் அடிக்கோலால் சமமாக அளந்து ஒருவன் வரைவதாகக் கொள்வோம். ‘ப’வின் வலக்கோடும் அடுத்த ‘ட்’டின் இடக்கோடும் நேர்நின்று எதிர்ப்படுவதால் அவ்விடம் நெருங்கித் தோன்றும். ‘ட’வின் கிடைக்கோட்டுக்கு மேலுள்ள வெறுமையோ அடுத்த இடைவெளியுடன் கூடிவிடுவதால் ‘ம்’ விலகி நிற்பதாகத் தோன்றும். அளவு சமம், தோற்றம் சமமன்று. எனவே தேர்ந்த கலைஞன் முன்னதை விரித்துப் பின்னதைக் குறுக்குகின்றான். சமமின்றி அளந்தே சமநிலையை எய்துகின்றான்.

இவ்விடத்தில் எழுத்துக்கலை அறவியலைத் தொடுகின்றது. அரிஸ்டோட்டில் தமது ‘நிக்கோமாக்கிய அறவியல்’ ஐந்தாம் நூலில், லெஸ்பொஸ் தீவின் கட்டடக்கலையிற் பயன்பட்ட ஈயக்கோலை எடுத்துக்காட்டுகின்றார். கல்லின் வடிவுக்கேற்ப வளைந்து அளப்பது அது. சட்டம் பொதுவாகவே பேசும். வாழ்க்கை நிகழ்வுகளோ தனித்தன்மை வாய்ந்தவை. ஆகவே, சட்டத்தின் பொதுமையால் நேரும் குறையைத் திருத்தும் நீதி அவ்வீயக்கோல் போன்றது என்பது அவர் கருத்து.

வளையும் கோல் அளப்பவனின் விருப்புக்கும் வளையாதோ என இங்கு வினவலாம். இவ்வையம் நியாயமானதே. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறியதன் தேவையும் இங்கேயே புலனாகின்றது. அளக்கப்படுவதன் வடிவறிந்து வளைதல் வேறு; அளப்பவன் ஒருபாற் சாய்தல் வேறு. எழுத்துக் கலைஞன் ‘ட’வுக்கு அடுத்த இடைவெளியைக் குறைப்பது அதன்மீதுள்ள வெறுப்பினாலன்று, அதன் வடிவமே அதற்குக் காரணம். அக்காரணத்தை எவர்க்கும் காட்டலாம். சொல் முழுவதும் இனிது வாசிக்கப்பெறல் என்னும் ஒரே நோக்கம் எல்லா எழுத்துக்களுக்கும் பொதுவாயிருக்கின்றது. தீர்ப்போ கலைஞனிடமன்றி வாசகனின் கண்ணிடம் உள்ளது.

எனினும் இவ்வுவமைக்கும் எல்லையுண்டு. தனக்கு விடப்பட்ட இடம் போதாதென எழுத்து முறையிடுவதில்லை, மனிதர் முறையிடுவர். ‘யாவர்க்கும் சமமாகவே அளந்தோம்’ என்னும் கூற்று அம்முறையீட்டுக்கு விடையாகாது. எழுத்தை அளப்பவனுக்குக் கண் போதும். மனிதர்க்கு இடம் வகுப்பவனுக்குச் செவியும் வேண்டும்.